வெறுங்கால் ஓட்டம்: 12 வார அட்டவணை (திருத்தியது: 20 வாரம், பதிவு 17 பார்க்கவும்)

#1 செம்மண்தடம்

ஷூ போட்டு 5 கி.மீ. நிற்காமல் ஓடுகிறவர்கள் வெறுங்காலுக்குப் பழக ஓர் அட்டவணை. ஓட்டமே புதிது என்றால் முதலில் அதைப் பழகிவிட்டு வாருங்கள். இரண்டையும் சேர்த்துத் தொடங்கினால் எது எதனால் வலிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தொடங்குமுன் மூன்று சோதனைகள். ஒன்று, குந்தி உட்காருங்கள். குதிகால் முழுதாகத் தரையில் பதிந்து, பின்னால் சாயாமல் ஒரு நிமிடம் இருக்க வேண்டும். மேற்கத்தியக் கழிவறைக்கு மாறிப் பல வருடம் ஆனவர்களுக்கு இங்கேயே கணுக்கால் முரண்டு பிடிக்கும். இரண்டு, ஒற்றைக் காலில் நின்று, சுவரை விரல்நுனியால் மட்டும் தொட்டபடி, குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். காலுக்கு 20 வர வேண்டும். மூன்று, மற்ற நாலு விரலையும் தரையில் வைத்துக்கொண்டு பெருவிரலை மட்டும் தூக்குங்கள். பிறகு தலைகீழாக: பெருவிரல் தரையில், மற்ற நாலும் மேலே. முதல் நாள் பலருக்கு வராது, வராவிட்டால் தினம் 5 நிமிடம் முயலுங்கள். பாத வளைவைத் தாங்கும் குட்டித் தசைகள் சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம்.

1, 2ஆம் வாரம் ஓட்டம் கிடையாது. வெளியே, சொரசொரப்பான தரையில், தினம் 20 நிமிடம் வெறுங்காலில் நடை. வீட்டு டைல்ஸில் நடப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.
3, 4: 100 மீட்டர் ஓட்டம், 100 மீட்டர் நடை, நாலு தடவை. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள்.
5, 6: ஒரு தடவைக்கு 1 கி.மீ.
7, 8: 2 கி.மீ.
9, 10: 3 கி.மீ.
11, 12: 4, அப்புறம் 5.

வெறுங்கால் பகுதியை அன்றைய ஓட்டத்தின் தொடக்கத்தில் வையுங்கள். முடித்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு மீதியை ஓடலாம். களைத்துப்போன கெண்டைக்காலோடு கடைசி ஒரு கிலோமீட்டருக்கு ஷூவைக் கழற்றுவதுதான் காயத்துக்குக் குறுக்குவழி.

#2 எலும்புவாசி

சோதனைகள் சரி. அட்டவணை சரியில்லை, செம்மண் அண்ணே. நாலாம் வாரம் 400 மீட்டர், பன்னிரண்டாம் வாரம் 5 கி.மீ. எட்டு வாரத்தில் பன்னிரண்டரை மடங்கு.

மூச்சு இதைத் தாங்கும், ஏனென்றால் ஆள் ஏற்கெனவே 5 கி.மீ. ஓடுகிறவர். சிக்கலே அங்கேதான். நுரையீரலுக்கு இது புதிய வேலை கிடையாது, கெண்டைக்காலுக்குப் பாதி புதிது, பாத எலும்புக்கு முற்றிலும் புதிது. தசை மூன்று நாலு வாரத்தில் பழகிக்கொள்ளும். தசைநாண் இரண்டு மூன்று மாதம் கேட்கும். எலும்பு இன்னும் மெதுவாக வரும், அதுவும் முதலில் பலவீனப்பட்டுவிட்டுத்தான் வரும். புதுச் சுமை வந்ததும் உடல் பழைய எலும்பைக் கொஞ்சம் அரித்தெடுக்கிறது. அதற்குச் சுமார் மூன்று வாரம். அந்தக் குழியை நிரப்பிக் கெட்டிப்படுத்த ஏறத்தாழ மூன்று மாதம். இடையில் இருக்கிற காலத்தில் எலும்பு முன்பைவிட நொய்ந்திருக்கும். உங்கள் அட்டவணையில் 5ஆம் வாரத்திலிருந்து 10ஆம் வாரம் வரை தூரம் ஏறுவது சரியாக அந்த இடைவெளியில்.

2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு: ஓடிப் பழகிய 19 பேருக்கு ஐந்துவிரல் மெல்லிய ஷூ கொடுத்து, 10 வாரத்தில் படிப்படியாக மாறச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எம்ஆர்ஐ. 10 பேருக்குப் பாத எலும்பு ஒன்றிலாவது உள்வீக்கம் கூடியிருந்தது. இத்தனைக்கும் அது படிப்படியான திட்டம்.

“வாரத்துக்கு 10 சதவீதம்” என்ற சூத்திரமும் இங்கே ஒத்துவராது. 400 மீட்டரில் 10 சதவீதம் 40 மீட்டர். யாரும் அப்படிக் கூட்டப்போவதில்லை. நிலையான அளவு வையுங்கள்: தொடக்கத்தில் வாரத்துக்கு 200 மீட்டர், 1.5 கி.மீ. தாண்டியபின் 300, 400. ஒவ்வொரு நாலாவது வாரமும் தூரத்தை நாற்பது சதவீதம் குறைக்க வேண்டும். குறைக்கிற வாரத்தில்தான் எலும்பு எட்டிப் பிடிக்கும்.

#3 நாளையிலிருந்து

அண்ணா, 3வது வாரம் 400 மீட்டர்தான். ஓடும்போது ஒண்ணுமே தெரியல. மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியல, ஆடுசதை கல்லு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு காலுமே. இது காயமா, இல்ல வழக்கமா வர்றதா? வலியோட அடுத்த ஓட்டம் ஓடலாமா?

#4 செம்மண்தடம்

தம்பி, இரண்டு காலிலும் ஒரே மாதிரி, சதையின் நடுவில் பரவலாக, 48 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் நாலாம் நாள் போய்விட்டால் அது பழக்கமில்லாத வேலையின் வலி. படி இறங்கும்போது வலி முழுதாகப் போகும்வரை அடுத்த ஓட்டம் வேண்டாம். நடை மட்டும்.

ஆனால் 400 மீட்டருக்கே இந்த அளவு என்றால் குதிகால் தரையைத் தொடாமல் ஓடுகிறீர்கள் என்று பந்தயமே கட்டலாம். “முன்பாதத்தில் இறங்கு” என்று எல்லாரும் சொல்லிக் கொடுக்கிறார்கள், அடுத்த பாதியைச் சொல்வதில்லை. முதலில் தொடுவது சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் திரட்சி. பாதம் உள்பக்கமாகப் படிந்து பெருவிரல் திரட்சியும் தரைக்கு வரும். கடைசியாகக் குதிகால் இறங்கித் தரையை மெல்லத் தொட்டு எழ வேண்டும். அந்தக் கடைசித் தொடுதலில்தான் கெண்டைக்கால் தன் சுமையை இறக்கி வைக்கிறது. குதிகாலை அந்தரத்திலேயே வைத்திருந்தால் ஒவ்வோர் அடிக்கும் குதிகால் நாண் மொத்த எடையையும் பிடித்துக்கொண்டே நிற்கும். ஓட்டத்தில் அந்த நாணில் விழும் இழுவை உடல் எடையைப்போல் 6 முதல் 8 மடங்கு. 70 கிலோ ஆளுக்கு 420 கிலோவுக்குக் குறையாது.

சரிபார்க்க ஒரு வழி. பாதத்தை நனைத்துக்கொண்டு காய்ந்த சிமெண்ட் தரையில் பத்தடி ஓடுங்கள். தடத்தில் குதிகால் வட்டம் மங்கலாகவாவது விழ வேண்டும். விரலும் திரட்சியும் மட்டும் விழுந்தால் நுனிக்காலில் ஓடுகிறீர்கள். குதிகால் மட்டும் பளிச்சென்று விழுந்து முன்பாதம் மங்கலாக இருந்தால் ஷூ பழக்கம் இன்னும் போகவில்லை.

காதையும் நம்பலாம். நன்றாக ஓடும் வெறுங்கால் ஏறக்குறைய ஓசையே எழுப்பாது. ‘சப் சப்’ என்று அறைகிற சத்தம் வந்தால் கால் உடம்புக்கு முன்னால் போய் விழுகிறது.

#5 மணல்மேடு

இவ்வளவு சுற்றுவளைப்பு எதற்கு? கடற்கரை மணல் இருக்கிறது, பூங்காவில் புல் இருக்கிறது. மெத்து மெத்தென்று அங்கே ஆரம்பித்துவிட்டுப் பிறகு ரோட்டுக்கு வந்தால் போதாதா? அபேபே பிகிலா 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானையே வெறுங்காலில் ஓடித் தங்கம் வாங்கினார். எந்த அட்டவணையைப் பார்த்து ஓடினார்?

#6 வெள்ளைக்கோடு

பிகிலாவை எலும்புவாசியிடம் விடுகிறேன். தரையைப் பற்றி மட்டும்.

மெத்தென்ற தரை உங்கள் தவறை மறைத்துவிடும். புல்லில் குதிகாலால் இடித்து இறங்கினாலும் வலிக்காது, அதனால் பழக்கம் மாறாது. மேலும் புல்லுக்குள் என்ன கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது: நெருஞ்சி, பாட்டில் சில்லு, நாய் எச்சம். உலர்ந்த மணல் இன்னும் மோசம். தள்ளும்போது தரை பின்னால் நழுவுவதால் கெண்டைக்கால் கூடுதலாக இழுக்கும். அலையோர ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே திசையில் 2 கி.மீ. ஓடினால் ஒரு கால் குட்டையான ஆள் ஓடியதற்குச் சமம், இடுப்பு சொல்லும். போதாக்குறைக்கு நனைந்து ஊறிய தோலில் மணல் உப்புத்தாள் மாதிரி உரசும்.

தொடங்க ஏற்றது கெட்டியான, சமமான, கொஞ்சம் சொரசொரப்பான தரை. பழைய சிமெண்ட் ரோடு முதல் தரம். நாள்பட்டு வழவழத்த தார் ரோடு அடுத்தது. ஜல்லி முனை வெளியே தெரியும் புதுத் தார் ரோடு மூன்று மாதம் கழித்து. பேவர் பிளாக் பரவாயில்லை, ஆனால் பெயர்ந்த கல்லின் விளிம்பில் சுண்டுவிரல் மாட்டும், இருட்டில் வேண்டாம். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை மாதிரி வெளிச்சமும் பராமரிப்பும் உள்ள சுற்றுப்பாதை கிடைத்தால் நல்லது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு நடந்து திரும்பலாம். சிந்தெடிக் டிராக் பார்க்க மெத்தென்று இருக்கும், அதன் குருணை தோலைச் சீவிவிடும். வேக ஓட்டம் அங்கே வெறுங்காலில் கூடாது.

வெயிலுக்கு வருவோம். காற்று 38 டிகிரி என்றால் தார் ரோடு 60-ஐத் தொடலாம். அந்தச் சூட்டில் தோல் பொசுங்கச் சில விநாடிகள் போதும். ஓடும்போது கால் தரையில் இருப்பது கொஞ்ச நேரமே என்பதால் முதல் 300 மீட்டர் தெரியாது, நின்ற பிறகு கொப்புளம் எழும். புறங்கையைத் தரையில் வைத்துப் பத்து எண்ணுங்கள். எண்ண முடியாவிட்டால் ஷூ. சித்திரை வைகாசியில் காலை ஆறரைக்குள் முடித்துக்கொள்வது உத்தமம். மாலை ஏழு மணிக்கும் தார் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். நடுவழியில் மாட்டிக்கொண்டால் ரோட்டோர வெள்ளைக் கோட்டின்மேல் போங்கள், வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்புவதால் சூடு குறைவு. அதே கோடு மழையில் வழுக்கும்.

#7 எலும்புவாசி

பிகிலா எத்தியோப்பியாவில் வெறுங்காலோடு வளர்ந்தவர். அவருடைய அட்டவணை இருபது வருட அட்டவணை. ரோமில் 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. நாலு வருடம் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு 2:12:11. அதுவும் தங்கம். ரோமை வெறுங்காலுக்குச் சாட்சியாகக் கூப்பிட்டால் டோக்கியோ ஷூவுக்குச் சாட்சி சொல்ல வரும். அவரை இரண்டு பக்கமும் விட்டுவிடலாம்.

இன்னொரு பேச்சும் அடிக்கடி வரும்: “மனிதன் இயற்கையாகவே முன்பாதத்தில்தான் இறங்குவான்.” 2010-ல் ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு ‘நேச்சர்’ இதழில் எழுதியது என்னவென்றால், வெறுங்காலில் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்கினார்கள், அப்போது குதிகால் இறக்கத்தில் வரும் திடீர் மோதல் இல்லை என்பது. காயம் குறையும் என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. 2013-ல் வடகென்யாவின் தாசனாச் மக்களை அளந்த வேறொரு குழு, வெறுங்காலிகளான அவர்கள் தங்களுக்கு வசதியான வேகத்தில் ஓடும்போது 72 சதவீதம் குதிகாலில் இறங்கினதைக் கண்டது. வேகம் கூடக் கூடத்தான் முன்னால் மாறினார்கள். ஆகவே இயற்கை, முன்னோர் என்ற வாதத்தை விட்டுவிட்டு உங்கள் கால் இன்று என்ன தாங்கும் என்று மட்டும் பாருங்கள்.

#8 வல்லைவெளி

குளிர்நாட்டில இருக்கிற ஆக்களுக்கும் ரெண்டு வரி எழுதவேணும். இஞ்ச ரொறன்ரோவில வெயில் பிரச்சினை ரெண்டு மாசம்தான், மிச்சத்துக்கு விறைப்பு. வெறுங்கால் ஓட்டத்தில உங்களுக்கு இருக்கிற ஒரே காவல் உள்ளங்கால் உணர்ச்சி. கால் விறைச்சால் வெட்டுப்பட்டாலும் தெரியாது, பிழையா இறங்கினாலும் தெரியாது. பழகாத ஆக்கள் 10 பாகைக்குக் கீழ வெளியில கழட்டாதேங்கோ. தரை ஈரமெண்டால் 15 எண்டு வையுங்கோ, ஈரம் சூட்டைக் கெதியா உறிஞ்சும். பனி கரைஞ்ச பிறகும் றோட்டில குளிர்காலத்துக்குப் போட்ட உப்பும் சல்லியும் கிடக்கும். ரெண்டு மூண்டு மழை அடிச்சுக் கழுவினாப் பிறகு, மே மாசமளவில தொடங்குங்கோ. ஒக்டோபரில நிண்டுபோனால் அடுத்த மே 5 கி.மீ. எண்டு இறங்கக் கூடாது, பாதித் தூரத்தில இருந்துதான் ஏறவேணும். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ள குதிகால் தூக்கிற பயிற்சியை விடாமச் செய்தால் அந்தப் பாதியாவது மிஞ்சும்.

ஊரில ஓடுறவைக்கு: பனை மட்டைக் கருக்கு விழுந்து கிடக்கிற ஒழுங்கை வேண்டாம். அது வாள் அரிஞ்ச மாதிரிக் கிழிக்கும்.

#9 நாளையிலிருந்து

5வது வாரம், 600 மீட்டர். எலும்புவாசி அண்ணா சொன்ன கணக்குலதான் போறேன். சதை வலி போயிடுச்சு. இப்ப பெருவிரல் நுனியிலயும் ரெண்டாவது விரல் நுனியிலயும் கொப்புளம். வலது காலுக்கு மட்டும் திரட்சிக்கு நடுவுல ஒண்ணு. உடைக்கலாமா?

#10 வெள்ளைக்கோடு

கொப்புளம் இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும்.

விரல் நுனியில் வந்தால் கிளம்பும்போது விரலால் தரையைப் பறண்டித் தள்ளுகிறீர்கள். ஷூவுக்குள் அப்படித் தள்ளலாம், வெறுங்காலில் தள்ளக் கூடாது. காலைத் தூக்க வேண்டும். சுடுகிற தரையிலிருந்து காலை எடுக்கிற மாதிரி, முழங்காலை மடக்கி நேரே மேலே. திரட்சியின் நடுவில் வந்தால் கால் முன்னால் போய் விழுந்து பிரேக் போடுகிறது. ஒரு காலில் மட்டும் என்பதால் ரோட்டின் சரிவையும் பாருங்கள். நம் ரோடுகள் நடுவில் உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும், ஒரே ஓரத்தில் போய்வராமல் பக்கம் மாற்றுங்கள். பெருவிரலின் உள்விளிம்பில் வந்தால் பாதம் வெளிப்பக்கம் திரும்பி, எழும்போது முறுக்குகிறது. குதிகாலின் பின்விளிம்பில் வந்தால் சொல்லவே வேண்டாம்.

சிறியதாக, இறுக்கமில்லாமல் இருந்தால் உடைக்காதீர்கள். நடக்கவே முடியாத அளவு நீர் கோத்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் இரண்டு இடம் குத்தி அழுத்தி வடியுங்கள். மேல்தோலைப் பிய்க்க வேண்டாம், அதுதான் கட்டு. தோல் ஒட்டிக் காயும்வரை ஓட்டம் இல்லை. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓடுவதும் கூடாது. தோல் “போதும்” என்றதை மீறி ஓடியதன் கணக்கைப் பிறகு எலும்பு கட்டும்.

#11 தாளக்கட்டு

காலடி எண்ணிக்கையைச் சரிசெய்தால் மேலே சொன்ன பாதிக் கொப்புளம் தானாகப் போய்விடும்.

வலது கால் தரையைத் தொடுவதை 30 விநாடிக்கு எண்ணி நாலால் பெருக்குங்கள். ஷூவில் மெதுவாக ஓடும் பலருக்கு 40 வரும், அதாவது நிமிடத்துக்கு 160. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிட வேகம் என்றால் 1,200 அடி, ஓர் அடி 83 செ.மீ. அதே வேகத்தில் எண்ணிக்கையை 176 ஆக்கினால் 1,320 அடி, ஓர் அடி 76 செ.மீ. ஏழு சென்டிமீட்டர் குறைந்ததும் கால் உடம்புக்குக் கீழே வந்து விழத் தொடங்கும். அறைகிற சத்தம், திரட்சிக் கொப்புளம், முழங்கால் இடி மூன்றும் அந்த ஏழு சென்டிமீட்டரில்தான் இருக்கின்றன.

எல்லாரும் 180-க்கு வர வேண்டும் என்பது தவறான புரிதல். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் உலகத் தரப் போட்டியாளர்களின் காலடியைப் பந்தய வேகத்தில் எண்ணியதிலிருந்து வந்தது அந்த எண். ஆறடி உயர ஆள் மெதுவாக ஓடும்போது 168 தாராளம். உங்கள் இப்போதைய எண்ணிக்கையில் 5 சதவீதம் கூட்டுங்கள், மூன்று வாரம் அங்கேயே இருங்கள், பிறகு இன்னொரு 5. போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் காதுக்குள் மாட்டாமல் ஸ்பீக்கரில். காலடிச் சத்தம் கேட்காவிட்டால் பாதி பாடம் போச்சு. எண்ணிக்கையைக் கூட்டும்போது வேகமும் கூடிவிடும், அதுதான் எல்லாரும் சறுக்குகிற இடம். நின்ற இடத்திலேயே தாளத்துக்கு 20 விநாடி குதித்துவிட்டு, கணுக்காலிலிருந்து ஒரு விரற்கடை முன்னால் சாயுங்கள். நகர்வது தானாக வரும். இடுப்பில் மடங்காதீர்கள்.

#12 மணல்மேடு

சரி, தரை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். முள்ளுக்கு என்ன செய்வது? கிராமப்புறத்தில் ஓடுகிறவர்களுக்கு வழவழத்த சிமெண்ட் ரோடு எங்கே கிடைக்கும்? எருக்கம்பால் வைத்தால் முள் தானாக வெளியே வரும் என்பார்கள்.

#13 எலும்புவாசி

எருக்கம்பால் வேண்டாம். தோலைப் புண்ணாக்கும், கை மறந்து கண்ணுக்குப் போனால் இன்னும் ஆபத்து.

நெருஞ்சி மேலோட்டமாகத்தான் ஏறும், முள்வாங்கியால் எடுத்துக் கழுவிவிட்டுத் தொடரலாம். சீமைக் கருவேல முள் வேறு சாதி. ஆழமாக ஏறும், நுனி உள்ளே முறியும். குத்திய கோணத்திலேயே நேராக இழுங்கள், பக்கவாட்டில் நெம்பாதீர்கள். எடுத்தபின் முள்ளின் நுனி கூராக இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டையாக இருந்தால் மிச்சம் உள்ளே. இரண்டு மூன்று நாளில் வலி குறையாவிட்டாலோ மூட்டுக்குப் பக்கத்தில் குத்தியிருந்தாலோ மருத்துவரிடம் போய் அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். எக்ஸ்ரேயில் கண்ணாடிச் சில்லு பெரும்பாலும் தெரியும், முள் தெரியாது. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். ஆழமான, அழுக்கான குத்து என்றால் ஐந்து வருடம் தாண்டியிருந்தாலே போட்டுக்கொள்வது முறை.

முள் குத்திய இடத்தில் மாதக்கணக்கில் வலியே இல்லாமல் ஒரு வீக்கம் வளர்ந்தால் அலட்சியம் கூடாது. மண்ணில் இருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ முள்வழி உள்ளே போய் உண்டாக்கும் நோய் அது. முடிச்சு முடிச்சாக வீங்கி, துளை விழுந்து, குருணை கலந்த சீழ் வரும். மருத்துவப் புத்தகங்களில் அதன் பெயரே ‘மதுரா பாதம்’. 1842-ல் மதுரையில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் ஒருவர் எழுதிவைத்ததால் வந்த பெயர். அரிதுதான், ஆனால் வயல்வரப்பில் வெறுங்காலோடு திரிகிறவர்களுக்கு வருகிற நோய். பாக்டீரியாவால் வந்ததை ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் மருந்திலேயே தீரும், பூஞ்சையால் வந்தது அவ்வளவு எளிதில் தீராது.

நிழலான ஈர மண்ணில், குறிப்பாகத் திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடங்களுக்கு அருகில், கொக்கிப்புழு இருக்கும். தோலைத் துளைத்தே ஏறும். மழை நாளில் தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள், எலிக்காய்ச்சலுக்கு உள்ளங்கால் கீறல் ஒன்று போதும். ஓடி முடித்ததும் சோப்பு, பிறகு விரலிடுக்கை ஈரம் போகத் துடைப்பது. துடைக்காவிட்டால் ஐப்பசி கார்த்திகையில் சேற்றுப்புண்.

சர்க்கரை உள்ளவர்கள் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. பாத உணர்ச்சியை 10 கிராம் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனை சர்க்கரை மருத்துவமனைகளில் உண்டு, ஐந்து நிமிட வேலை. ஓர் இடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தாலும் வெறுங்கால் ஓட்டம் கிடையாது. நடையும் கிடையாது. இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

#14 நாளையிலிருந்து

தட்டைப்பாதம் இருக்கிறவங்க? அப்புறம் இன்னொண்ணு, 9வது வாரத்துல பாதத்துக்கு மேல்பக்கம், விரல் எலும்பு ஓடுற இடத்துல லேசா வலி.

#15 எலும்புவாசி

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், இந்த இழையிலேயே அவசரமான கேள்வி அதுதான். இன்று ஓடாதீர்கள்.

ஆள்காட்டி விரலின் நுனியால் பாதத்தின் மேல்பக்கம் ஒவ்வோர் எலும்பாக, கணுக்காலிலிருந்து விரல் பக்கமாக அழுத்திக்கொண்டு வாருங்கள். வலி பரவலாக, பல எலும்பு மேலும் இருந்தால் விரலைத் தூக்கும் நாண்கள் கடுத்திருக்கின்றன. ஓடும்போது விரலை மேலே விறைத்துப் பிடிப்பவர்களுக்கு வரும். பத்து நாள் ஓய்வு, பிறகு பாதித் தூரம். ஆனால் இரண்டாவது அல்லது மூன்றாவது நீள எலும்பில், ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும் ‘சுருக்’கென்றால், மேலே லேசான வீக்கம் இருந்தால், அது எலும்பில் விழும் மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஒற்றைக் காலில் குதித்துச் சோதிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், விரிசலை முறிவாக்கிவிடும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். “எக்ஸ்ரே சுத்தம்” என்றதும் ஓடப் போகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். சந்தேகம் என்றால் எம்ஆர்ஐ. விரிசல் என்றால் 6 முதல் 8 வாரம் ஓட்டம் இல்லை.

குதிகால் நாண் வலிக்கும் ஓர் அளவுகோல்: காலையில் எழுந்து நடக்கும்போது இறுக்கம் ஐந்து பத்து நிமிடத்தில் விட்டால் தூரத்தைக் கூட்டாமல் தொடரலாம். அரை மணிக்கு மேல் நீடித்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலால் ஏறி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாக இறங்குங்கள். முழங்கால் நீட்டி 15 தடவை மூன்று சுற்று, மடக்கி 15 தடவை மூன்று சுற்று, காலை மாலை இரண்டு வேளை, ஆக நாளுக்கு 180. 1998-ல் சுவீடனின் ஆல்ஃபிரெட்சன் வகுத்த முறை, 12 வாரம். அலுப்பான வேலை, பாதியில் விடுகிறவர்களே அதிகம்.

தட்டைப்பாதத்துக்கு: நுனிக்காலில் எழுந்து நில்லுங்கள். அப்போது வளைவு தெரிந்தால் நெகிழ்வான பாதம், அட்டவணை அப்படியே பொருந்தும், தொடக்க நடையை இரண்டு வாரம் கூட்டினால் போதும். எழுந்தும் வளைவு வராமல் வலியும் இருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

#16 தாளக்கட்டு

மெல்லிய செருப்பு, ஐந்துவிரல் ஷூ பற்றிக் கேட்பதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். வெறுங்காலுக்குப் போகும் வழியில் அவற்றை ஒரு படியாக வைக்காதீர்கள். வெறுங்காலில் முதலில் கத்துவது தோல், 800 மீட்டரில் நிறுத்திவிடுவீர்கள். 4 மில்லிமீட்டர் ரப்பர் அந்தக் கத்தலை அடைத்துவிடும், எலும்பில் விழுகிற சுமையைக் கொஞ்சமும் குறைக்காது. பழகாத பாதத்தோடு 5 கி.மீ. ஓடவிடும். எலும்புவாசி சொன்ன 19 பேரும் போட்டிருந்தது அதைத்தான். காயம் குறையும், தசை வலுப்படும் என்று விளம்பரம் செய்ததற்காக ஐந்துவிரல் ஷூ தயாரிக்கும் வைப்ரம் நிறுவனம் அமெரிக்காவில் வழக்கைச் சந்தித்து 2014-ல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தோல் பழகிய பிறகு முள் ரோட்டுக்கும் வெயிலுக்கும் தாராளமாகப் போடலாம்.

பாதம் தடித்தால் உணர்ச்சி போய்விடும் என்ற பயமும் வேண்டாம். கென்யாவில் அளந்து 2019-ல் எழுதினார்கள்: வெறுங்காலில் வளர்ந்த தடித்த தோல் உணர்ச்சியைக் குறைக்கவில்லை. தடித்த தோல் காய்ந்து பித்தவெடிப்பு ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் யூரியா கிரீம், விளிம்புகளை மட்டும் பாதம் தேய்க்கும் கல்லால் லேசாக. மொத்தத்தையும் தேய்த்து மழமழப்பாக்கினால் மறுபடி முதல் வாரம்.

#17 செம்மண்தடம்

எலும்புவாசி சொன்னது நியாயம். அட்டவணையைத் திருத்திவிட்டேன், தலைப்பையும் மாற்றியாயிற்று. ஒரு தடவைக்கான தூரம், மீட்டரில், வாரம் மூன்று நாள்:

1–3: நடை மட்டும். குதிகால் தூக்கல் 15 தடவை, இரண்டு சுற்று.
4: 400. 5: 600. 6: 800. 7: 500.
8: 1,000. 9: 1,200. 10: 1,500. 11: 900.
12: 1,800. 13: 2,200. 14: 2,600. 15: 1,500.
16: 3,000. 17: 3,500. 18: 4,000. 19: 2,500.
20: ஒருநாள் மட்டும் 5,000, மற்ற இரண்டு நாளும் 3,000.

8ஆம் வாரம் வரை நூறு மீட்டருக்கு ஒருதரம் நடையாக மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குமேல் நிற்காமல் ஓடலாம். 7, 11, 15, 19 இறங்கும் வாரங்கள், உடம்பு நன்றாக இருக்கிறது என்று தாண்டிப் போகாதீர்கள். காய்ச்சல், மழை, கல்யாணம் என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் நாலு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். மழையில் ஓடினால் அன்றைய தூரத்தில் பாதி. ஷூ ஓட்டம் கூடவே நடக்கலாம், ஆனால் வெறுங்கால் தூரம் ஏறும்போது ஷூ தூரத்தை அதே அளவு குறைக்க வேண்டும்.

நாளையிலிருந்து தம்பி, வலி ஒரு புள்ளியிலா, பரவலாகவா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

#18 நாளையிலிருந்து

பரவலாதான் அண்ணா. அழுத்தினா மூணு எலும்பு மேலயும் ஒரே மாதிரி, வீக்கம் இல்ல. ஓடும்போது விரலைத் தூக்கிப் பிடிக்கிறேன்னு வீடியோ எடுத்துப் பார்த்ததுல தெரிஞ்சுது. பத்து நாள் நிறுத்திட்டேன். திரும்ப வரும்போது 600-ல ஆரம்பிக்கவா, 400-லயா?

#19 எலும்புவாசி

நீங்கள் இருந்தது 9ஆம் வாரம், 1,200. பாதி 600. முதல் இரண்டு தடவை ஐம்பது மீட்டருக்கு ஒருதரம் நடை. மறுநாள் காலை அதே மூன்று எலும்பையும் அழுத்திப் பாருங்கள். ஒன்றில் மட்டும் வலி தனித்துத் தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

#20 வெள்ளைக்கோடு

உள்ளங்காலில் தார் ஒட்டிக்கொண்டால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், தோல் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துணியால் துடைத்தால் வந்துவிடும்.